வெறுங்காலோடு லண்டன் போன டாக்டர்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டபோது, பம்பு, வால்வு பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். பிழைத்தீர்கள். போன மாசம் சடையங்குப்பத்தில் நடந்த ஒரு பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. எங்க ஊர்ப் பையன் ஒருத்தன், நம்ம கல்லூரியில் மூன்றாம் ஆண்டு, காலேஜ் டீமில் ஹாஃப் பேக். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்து உட்கார்ந்திருந்தோம். ஒரு கிளப்பில் கூப்பிடுகிறார்கள், படிப்பை நிறுத்திவிடலாமா என்று என்னைக் கேட்டான். பந்து பந்து என்று அலைந்து ஐந்து அரியர் வைத்தவன் நான். புத்தி சொல்ல எனக்கென்ன யோக்கியதை? அதனால் டாக்டர் தாலிமெரென் ஆவ் கதையைச் சொன்னேன். டி.ஆவ் என்றால் பழைய பந்தாட்டக்காரர்களுக்குத் தெரியும்.

1918-ல் நாகா மலையில் சாங்கி என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவ போதகர். மகன் டாக்டராகி நம்ம ஜனங்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பது அப்பாவுக்கு ஆசை. 1935-ல் அவர் டைஃபாய்டில் இறந்துபோனார். பையனுக்கு அப்போது பதினேழு வயசு. பந்து என்றால் அவனுக்கு உயிர். ஆனால் அப்பா வைத்துவிட்டுப் போன ஆசையும் கூடவே வந்தது.

கௌஹாத்தி காட்டன் காலேஜில் படித்தார், ஆடினார். 1942-ல் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அடுத்த வருஷமே மோகன் பகான் டீம். பகலில் வார்டு, சாயங்காலம் மைதானம். அந்த வருஷங்கள் எப்பேர்ப்பட்டவை என்று பாருங்கள். 1942 டிசம்பரில் கல்கத்தா மேல் ஜப்பான் குண்டு விழுந்தது. 1943-ல் வங்காளப் பஞ்சம். 1944-ல் சொந்த நாகா மலையிலேயே கோஹிமா சண்டை. 1946-ல் கல்கத்தாக் கலவரம். இதற்கு நடுவில் ஒரு மனுஷன் அனாட்டமியும் படித்து, பந்தும் ஆடி, மோகன் பகானுக்குக் கேப்டனும் ஆனார். இங்கே ஒரு செமஸ்டர் லேப் ரெக்கார்டு முடிக்கவே நமக்கு நாக்கு தள்ளும்.

1948 லண்டன் ஒலிம்பிக். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக். ஜூலை 29-ந் தேதி வெம்ப்ளியில் அணிவகுப்பில் மூவர்ணக் கொடியைப் பிடித்து முன்னால் நடந்தவர் இந்த மாணவர்தான். ஆமாம், மாணவர். முப்பது வயசு, இந்தியக் கால்பந்து கேப்டன், கையில் இன்னும் டிகிரி இல்லை! அவர் படித்த கல்லூரிக்கே அந்த வருஷம்தான் ஆர்.ஜி.கர் என்று பேர் மாறியது.

ஜூலை 31, இல்ஃபோர்டில் பிரான்சோடு ஆட்டம். நம்ம ஆட்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை, வெறும் பேண்டேஜ் துணி. முதல் கோல் பிரான்ஸ் போட்டது. 70-வது நிமிஷத்தில் சாரங்கபாணி ராமன் திருப்பிப் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுதான். இரண்டு பெனால்டி கிடைத்து இரண்டையும் கோட்டை விட்டார்கள். ஒன்று உள்ளே போயிருந்தாலும் கதையே வேறு. முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது பிரான்ஸ் இரண்டாவது கோல் போட்டது. 2-1. இத்தனை வருஷம் கழித்துச் சொல்லும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஏன் வெறுங்காலில் ஆடுகிறீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதற்கு, பூட்ஸ் போட்டு ஆடினால் அது ஃபுட்பால் இல்லை, பூட்பால் என்ற அர்த்தத்தில் ஆவ் பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

ஆர்சனல் கிளப் அவரை ஒப்பந்தத்துக்கு அழைத்தது என்றும் சொல்வது உண்டு. அவர் அங்கே தங்கவில்லை. கல்கத்தா திரும்பினார். 1942-ல் சேர்ந்த படிப்பை 1950-ல் முடித்தார். இதைச் சொன்னதும் நம்ம பையன் விரல் விட்டு எண்ணி, எட்டு வருஷமா என்று சிரித்தான். எனக்கும் கொஞ்சம் ஆறுதல்தான்.

அப்புறம் பந்தை வைத்துவிட்டு மலைக்குப் போய்விட்டார். 1953-ல் கோஹிமாவில் உதவி சிவில் சர்ஜன். அந்த ஊர் அப்போது அமைதியான ஊர் இல்லை, நாகா மலை முழுக்க ஆயுதப் போராட்டம் மூண்ட காலம். 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமானபோது அதன் சுகாதாரத் துறைக்கு இயக்குநர் ஆனார். பதினைந்து வருஷம் அந்த நாற்காலி. கல்கத்தாவில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய ஆள், மலைக் கிராமங்களுக்கு டாக்டரும் மருந்தும் கிடைக்க வழி பார்த்துக்கொண்டிருந்தார். 1978-ல் ஓய்வு. 1998 செப்டம்பரில் காலமானார். 2002-ல்தான் மோகன் பகான் தன் ரத்னா விருதை அவருக்குக் கொடுத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

மைதானம் ஏக்கம் அவருக்கு இருந்திருக்காதா என்று பையன் கேட்டான். இருந்திருக்கும், இல்லாமல் எப்படி இருக்கும் என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பர்மா நகர் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. பூண்டியில் தண்ணீர் திறந்தால் முதலில் முங்குவது எங்க ஊர்தானே, மைதானத்தில் நின்ற மற்ற பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

இன்னும் அவன் முடிவு எடுக்கவில்லை. மலர் வெளியாகும் சந்திப்பு நாளில் சாயங்காலம் பழைய மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் ஆட்டம் இருக்கிறது. அவன் அந்தப் பக்கம் ஹாஃப் பேக். நான் இந்தப் பக்கம் ரைட் பேக். தொப்பையோடு ஓடுவதைப் பார்க்கவாவது எல்லோரும் வாருங்கள்.