உரோமையே அவரது இந்தியா

பள்ளி ஆண்டு விழா நெருங்கும்போது நம் வளாகமெங்கும் பாட்டொலியும் சலங்கை ஒலியும் கேட்கத் தொடங்கிவிடும். செபத்துக்கும் படிப்புக்கும் உரிய இடத்தில் இத்தனை ஆட்டமும் பாட்டும் எதற்கு என்று முகஞ்சுளிப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. இதே காரணத்துக்காக 1559-ஆம் ஆண்டில் உரோமை நகரில் ஒரு குருவானவர் கண்டிக்கப்பட்டார்; தண்டிக்கவும்பட்டார். அவர்தான் புனித பிலிப் நேரியார். அவருடைய வாழ்க்கையை இங்குச் சற்றே நினைவுகூர விழைகிறோம்.

1515-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிலிப் பிறந்தார். தந்தையார் பத்திரம் எழுதும் தொழில் செய்தவர். பெரிய செல்வந்தர் அல்லர். தாயார் பிலிப்பின் இளம் பருவத்திலேயே காலமானார். எனினும் பின்னர் வந்த சிற்றன்னை அவரிடம் மிகுந்த பாசம் காட்டினார். ஊரார் அவருக்கு 'நல்ல பிப்போ' என்று செல்லப்பெயர் சூட்டியிருந்தனர். நல்ல பிள்ளை என்றால் மூலையில் கைகட்டி உட்கார்ந்திருந்த பிள்ளை என்று நினைத்துவிட வேண்டாம். எட்டு வயதளவில், வீட்டு முற்றத்தில் நின்ற கழுதையின் மேல் தாவி ஏறப்போய், கழுதையும் தாமுமாக நிலவறைப் படிகளில் உருண்டு விழுந்தவர் அவர்! கழுதைக்கு அடியில் கிடந்த சிறுவனைக் காயமின்றி வெளியே எடுத்தது வீட்டாருக்குப் பெரும் வியப்பாயிற்று.

புனித மாற்கு மடத்து டொமினிக்கன் துறவியரிடம் அவர் ஞானக் காரியங்களைக் கற்றார். அக்காலப் புளோரன்ஸில் கடைக்காரரும் கைவினைஞரும் மாலை வேளைகளில் கூடி, தங்கள் தாய்மொழியில் எளிய பக்திப் பாடல்களைப் பாடுவது வழக்கம். 'லவுதே' எனப்படும் இப்பாடல்கள் பிலிப்பின் காதில் குழந்தைப் பருவம் முதலே ஒலித்துக்கொண்டிருந்தன. இதை நாம் மறந்துவிடலாகாது. பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

பதினெட்டாம் வயதில், மொன்தே கசீனோ மலையருகே வணிகம் செய்துவந்த பிள்ளையில்லாத உறவினர் ஒருவரிடம் அனுப்பப்பட்டார். சிறிது காலம் பொறுத்திருந்தால் அந்தச் சொத்து முழுவதும் அவருக்கே வந்திருக்கும். அவரோ வெறுங்கையோடு உரோமைக்கு நடந்தார். 1527-இல் பேரரசரின் கூலிப்படையினர் உரோமையைச் சூறையாடிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கோவில்கள் கொள்ளையிடப்பட்டும் குடும்பங்கள் சிதறியும் போயிருந்த நகரம் அது. சுங்க அதிகாரி ஒருவர் வீட்டில் சிறு அறையொன்றில் தங்கி, அவருடைய இரு மைந்தருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ரொட்டியும் ஒலிவக் காயும் தண்ணீருமே அவருடைய உணவு. இரவுகளில் அப்பியன் சாலையருகே புனித செபஸ்தியாரின் நிலத்தடிக் கல்லறைகளுக்குத் தனியே சென்று செபிப்பார். 1544-ஆம் ஆண்டு தூய ஆவியின் பெருவிழாவை ஒட்டி, அங்குத் தம் இதயத்துள் நெருப்புருண்டை ஒன்று இறங்கியதாக உணர்ந்தார். அன்று முதல் செபிக்கையில் அவர் நெஞ்சு பக்கத்தில் இருப்பவர்க்கும் கேட்குமளவு துடிக்கும் என்பர். அவர் இறந்தபின் உடலைச் சோதித்த மருத்துவர்கள், இரண்டு விலா எலும்புகள் முறிந்து மேலெழும்பி இருக்கக் கண்டனர்.

குருவாக வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு நெடுங்காலம் இல்லை. தெருவிலும் கடைவாசலிலும் இளைஞர்களோடு பேசிச் சிரிப்பார். பின்னர் அவர்களையே மருத்துவமனைகளுக்கு அழைத்துச் சென்று நோயாளிகளின் படுக்கையைத் தட்டிப் போடச் செய்வார். 1550-ஆம் ஆண்டு யூபிலிக்கு வந்த ஏழைத் திருப்பயணிகளுக்கு இடமும் உணவும் அளிக்கும் பணியை அவருடைய தோழர் குழு ஏற்றது. ஆன்மகுருவின் சொல்லுக்குப் பணிந்து, 1551 மே 23 அன்று, முப்பத்தைந்தாம் வயதில் குருப்பட்டம் பெற்றார். புனித ஜெரோம் ஆலயத்தை அடுத்திருந்த அவருடைய அறையில் பிற்பகல்தோறும் இளைஞர் கூடினர். ஒருவர் புத்தகம் வாசிப்பார். மற்றொருவர் மனத்தில் பட்டதைச் சொல்வார். இறுதியில் எல்லாரும் பாடுவர். அறை போதாமற்போகவே, ஆலயத்தின் மேற்பகுதியில் இருந்த இடத்தைச் செபக்கூடமாக்கினர். செபக்கூடம் என்பதற்கு இத்தாலியச் சொல் 'ஒரட்டோரியோ'.

இங்கே உரோமை மக்களின் களியாட்டு விழாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தவக்காலத்துக்கு முந்திய நாட்களில் நகரமே முகமூடி அணிந்து வீதிக்கு வந்துவிடும். கோர்சோ வீதியில் ஆளில்லாக் குதிரைகளை விரட்டுவார்கள். குதிரை மட்டுமா? முதியவர்களையும் யூதர்களையும் கூடப் பந்தயம் ஓடவைத்து, கூடிநின்ற கூட்டம் எள்ளி நகையாடும். கண்ணியமான குடும்பத்துப் பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் நின்று சிரித்தார்கள்.

மேடையேறித் திட்டியிருந்தால் பிலிப் அடிகளாரின் பேச்சை எவர் கேட்டிருப்பர்? அவர் திட்டவில்லை, அதே நாட்களில் வேறொரு விழாவை நடத்தினார். உரோமையின் ஏழு பெரிய ஆலயங்களையும் கால்நடையாகச் சந்திக்கும் பழைய வழக்கம் ஒன்று மங்கிக் கிடந்தது. 1552 வாக்கில் அவர் அதைச் சிறு குழுவோடு மீண்டும் தொடங்கினார். புனித இராயப்பர், புனித சின்னப்பர், புனித செபஸ்தியார், இலாத்தரன் அருளப்பர், திருச்சிலுவை, புனித லவுரேஞ்சியார், புனித மரியா பேராலயம் என ஏழு ஆலயங்களுக்குமாக இருபது கிலோமீட்டருக்குக் குறையாத நடை. வழியெல்லாம் பாட்டு. நண்பகலில் செலியன் குன்றின் மேலிருந்த தோட்டமொன்றில் எல்லாரும் புல்தரையில் வரிசையாக அமர்வர். ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி, பழம், சிறிது திராட்சை இரசம் ஆகியன ஏழைக்கும் பிரபுவுக்கும் ஒரே அளவில் பரிமாறப்படும். இசைக்கருவிகள் முழங்கும். ஒரு சிறுவன் எழுந்து, மனப்பாடம் செய்த சிறு பிரசங்கத்தை மழலை மாறாக் குரலில் சொல்வான். விரல்விட்டு எண்ணத்தக்க தோழர்களோடு தொடங்கிய இந்த நடைக்குப் பின்னாளில் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். கோர்சோ வீதியில் கேட்டதும் சிரிப்புத்தான். அந்தத் தோட்டத்தில் கேட்டதும் சிரிப்புத்தான். ஆனால் தோட்டத்தில் எவரும் எவரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் கீழை நாடுகளிலிருந்து வந்த சேசு சபையினரின் கடிதங்கள் செபக்கூடத்தில் வாசிக்கப்பட்டன. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542 முதல் அலைந்து திரிந்து ஞானஸ்நானம் கொடுத்த புனித சவேரியாரின் செய்திகள் அவற்றின் வழியாகவே உரோமையை எட்டின. கேட்கக் கேட்க அடிகளாரின் உள்ளம் கொதித்தது. தாமும் தோழர் இருபது பேருமாக இந்தியா சென்று உயிரைக் கொடுத்துவிட ஆவல் கொண்டார். 1557 வாக்கில், மூன்று ஊற்றுகள் என்னும் மடத்தில் வாழ்ந்த முதிய துறவி ஒருவரிடம் ஆலோசனை கேட்டார். துறவி சில நாட்கள் செபித்தபின் சொன்ன மறுமொழி, அவருக்கு உரோமையே இந்தியா என்பதுதான். தாம் விரும்பிய ஒன்றை விட்டுவிடுவது எளிதன்று. அடிகளாரோ மறுபேச்சின்றித் திரும்பினார்; அதன்பின் வாழ்நாள் முழுவதும் உரோமையை விட்டுப் பிரிந்து தங்கவில்லை.

ஆனால் அந்த உரோமையிலும் அவரை நிம்மதியாக விட்டார்களா? பாப்பரசர் நான்காம் பவுல் காலம், புதுமை எதுவாயினும் ஐயத்தோடு பார்க்கப்பட்ட காலம். ஒரு குருவானவர் பாட்டும் விருந்துமாகக் கூட்டம் சேர்த்து ஊர்வலம் நடத்துகிறார், பொதுநிலையினரைப் பேசவிடுகிறார், தனிக்கட்சி கட்டுகிறார், பெருமைக்கு ஆசைப்படுகிறார் என்றெல்லாம் கோள்கள் எட்டின. 1559-இல் பாப்பரசரின் பதிலாளராயிருந்த கர்தினால் அவரை அழைத்துக் கடிந்துகொண்டார். பதினைந்து நாட்கள் பாவசங்கீர்த்தனம் கேட்கலாகாது, ஊர்வலம் நடத்தலாகாது எனத் தடை பிறந்தது. அடிகளார் எதிர்வாதம் செய்யவில்லை. தம்மோடு வரவேண்டாமெனத் தோழரைக் கேட்டுக்கொண்டார். அவர்களோ சற்றுத் தூரத்தில் பின்தொடர்ந்தே வந்தனர்! சில நாட்களில் அந்தக் கர்தினால் திடீரென இறந்தார். பிறகு தடையும் நீங்கியது. செபக்கூடத்தின் பாட்டு முன்னிலும் உரக்க ஒலித்தது.

வத்திக்கானில் பாடகர் குழுவின் தலைவராயிருந்த ஜொவான்னி அனிமுச்சியா, அடிகளாரைப் போலவே புளோரன்ஸைச் சேர்ந்தவர். அவர் இந்தக் கூட்டங்களுக்கென்றே 'லவுதே' பாடல்களுக்கு இசையமைத்து, 1563-இலும் 1570-இலும் இரு தொகுதிகள் வெளியிட்டார். முதல் தொகுதியின் இசை மிக எளியது; எவரும் பாடலாம். கற்றோரும் பிரபுக்களும் வரத் தொடங்கியபின், இரண்டாம் தொகுதியில் பல குரல்கள் பின்னிய இசையைச் சேர்த்தார். குளிர்கால மாலைகளில் முதலில் பாட்டு, இடையே பிரசங்கம், மீண்டும் பாட்டு என ஒரு முறை ஏற்பட்டது. கோடையில் ஜனிக்குலம் குன்றின்மேல் புனித ஓனுப்பிரியார் ஆலயத்தருகே திறந்த வெளியில் கூடுவர். பிள்ளைகள் இரைச்சல் தாங்கவில்லையென்று குறைசொன்னவர்களிடம் அடிகளார், அவர்கள் பாவம் செய்யாதிருந்தால் தம் முதுகின்மேல் விறகு பிளந்தாலும் பொறுத்துக்கொள்வதாகச் சொல்வாராம்.

அவருடைய கண்டிப்பும் சிரிப்போடு வரும். சேசரே பரோனியோ என்ற இளைஞர் எப்போதும் சாவையும் நரகத்தையும் பற்றியே பிரசங்கம் செய்து கேட்போரை நடுங்கவைத்தார். அவரைத் திருச்சபை வரலாறு சொல்லும்படி அடிகளார் பணித்தார். அவரும் வேண்டா வெறுப்பாகத் தொடங்கி, முப்பது ஆண்டுகள் திரும்பத் திரும்பச் சொன்னார். அதிலிருந்து பிறந்ததே பன்னிரண்டு பெரிய தொகுதிகள் கொண்ட அவருடைய வரலாற்று நூல். முதல் தொகுதி 1588-இல் வெளிவந்தது. அந்த மேதைக்குச் சமையற்கட்டு முறையும் அடிக்கடி வந்தது. தாம் நிரந்தரச் சமையற்காரர் என்று அடுப்பின் மேலே அவரே வேடிக்கையாக எழுதி வைத்தாராம். அடிகளாரோ, தம்மைப் புனிதரென்று பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்ப வேண்டுமென்று, தாடியில் பாதியை மழித்துக்கொண்டு தெருவில் போவார். பெரியோர் வந்தால் நகைச்சுவை நூலைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார்.

1575-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரியார் ஒரட்டோரியன் சபைக்கு ஒப்புதல் தந்து, வல்லிசெல்லா மரியன்னை ஆலயத்தையும் அளித்தார். 1595-ஆம் ஆண்டு மே 25, நற்கருணைப் பெருவிழா. எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த அடிகளார் அன்று திருப்பலி நிறைவேற்றினார், பாவசங்கீர்த்தனம் கேட்டார், வந்தவரோடெல்லாம் மகிழ்ந்து பேசினார். நள்ளிரவு கடந்து சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது.

ஐந்தாண்டுகள் கழித்து, 1600 பெப்ருவரியில், அந்த ஆலயத்தின் செபக்கூடத்தில் எமிலியோ தெ கவாலியேரி என்பவர் ஆன்மாவையும் உடலையும் பாத்திரங்களாக்கிய இசை நாடகம் ஒன்றை அரங்கேற்றினார். நாளடைவில் வேதாகமக் கதைகளைக் குழுவாகப் பாடும் இசைக்கே 'ஒரட்டோரியோ' என்ற இடப்பெயர் நிலைத்தது. 1742-இல் டப்ளின் நகரில் ஹாண்டல் முதன்முதல் கேட்கச் செய்த 'மெசையா' அந்த வகையைச் சேர்ந்ததே.

1622 மார்ச் 12 அன்று ஐவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. இசிதோர், இஞ்ஞாசியார், சவேரியார், அவிலா தெரேசம்மாள் ஆகியோருடன் பிலிப் நேரியாரும் ஒருவர். இந்தியாவுக்குப் போனவரும் போகாமல் நின்றவரும் ஒரே நாளில் பீடமேறினர்.

அவருடைய சபையின் ஒழுங்குகளைத் தழுவிக் கோவாவில் நம் நாட்டுக் குருக்கள் ஒரு மடம் அமைத்தனர். அங்கிருந்து புறப்பட்ட யோசேப் வாஸ் அடிகள், ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த நாளில், 1687-இல் ஏழைக் கூலியாளின் வேடத்தில் யாழ்ப்பாணத்தை அடைந்தார். 2015-இல் அவரும் புனிதரானார். அவருக்குப்பின் 1705-இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழிகளிலும் நூல்கள் இயற்றினார். 'மெசையா' அரங்கேறிய அதே 1742-இல்தான் அவர் மறைந்தார். ஆண்டவருடைய பாடுகளைச் சொல்லும் அவருடைய 'வியாகுலப் பிரசங்கம்' இலங்கையின் தமிழ்க் கோவில்களில் தலைமுறை தலைமுறையாகத் தவக்காலத்தில் இராகம் இழுத்து வாசிக்கப்பட்டு வந்தது. அங்குள்ள பாஸ்கு நாடகங்களும் அதன் வரிகளைத் தமக்கென எடுத்துக்கொண்டன.