செம்பவாங்கின் அகமது இப்ராஹிம்: ஒருவரின் மறைவு அரசாங்கத்தின் பெரும்பான்மையைப் பறித்த கதை

ஈசூனில் ஒரு தொடக்கப்பள்ளி, ஓர் உயர்நிலைப்பள்ளி. ஜூரோங்கிலிருந்து துவாஸ் பக்கம் நீளும் ஒரு சாலை. மூன்றுக்கும் ஒரே பெயர்தான்: அகமது இப்ராஹிம். அந்தப் பெயர்ப் பலகையை எத்தனையோ தடவை கடந்து போயிருப்பீர்கள். ஆனால் யார் அவர்னு கேட்டால், நம்மில் பலருக்குச் சட்டென்று பதில் வராது.

35 வயதில் மறைந்துபோன ஓர் அமைச்சர் அவர். அவருடைய மறைவு நாட்டின் அரசியல் கணக்கையே மாற்றியது.

தளத்திலிருந்து சட்டமன்றத்துக்கு

1927இல் பினாங்கில் பிறந்தவர் அகமது இப்ராஹிம். வேலை அவரைச் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தில் செம்பவாங் என்றாலே அந்தத் தளம்தான். மலையாளிகள், தமிழர்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் எனப் பலரின் பிழைப்பு அதை நம்பியிருந்தது. அங்கே தொழிற்சங்கத்தில் இறங்கிய அவர், தொழிலாளர்களிடம் பேர் வாங்கினார்.

1955 தேர்தலில் செம்பவாங்கில் சுயேச்சையாக நின்று வென்றார். 25 தொகுதிகளில் சுயேச்சைகளுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. பிறகு மக்கள் செயல் கட்சியில் சேர்ந்து, 1959இல் அதே தொகுதியை மீண்டும் கைப்பற்றினார்.

அமைச்சரவையில் ஒரே முஸ்லிம்

1959 ஜூன் 5ஆம் தேதி பதவியேற்ற 9 பேர் கொண்ட அமைச்சரவையில் இருந்த ஒரே முஸ்லிம் அவர்தான். சுகாதார அமைச்சர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அதே தேர்தலில் கேலாங் சிராய் போன்ற மலாய்க்காரர்கள் நிறைந்த தொகுதிகளில் அம்னோ வென்றது. பல இனத் தொழிலாளர்கள் வாழ்ந்த செம்பவாங்கோ அகமதுவைத் தேர்ந்தெடுத்தது. அவர் சமயத் தலைவர் அல்ல, தொழிலாளர் தலைவர். அதுதான் அவருடைய பலமும்கூட.

1961இல் அவர் தொழிலாளர் அமைச்சரானார். லேசான வேலை இல்லை அது. ஆளும் கட்சி உடைந்து பாரிசான் சோஷலிஸ் உருவான நேரம். தொழிற்சங்கங்களும் இரண்டாகப் பிரிந்து நின்றன.

26ஆ, 25ஆ?

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். சட்டமன்றத்தில் மொத்தம் 51 இடங்கள். 1959இல் மக்கள் செயல் கட்சி வென்றவை 43. பிளவுக்குப் பிறகு மிஞ்சியவை 26. அதாவது, ஒரே ஓர் இடத்தில்தான் பெரும்பான்மை தொங்கிக்கொண்டிருந்தது. 1962 ஜூலையில் ஒருவர் கட்சியை விட்டு விலகினார். இன்னொருவர் திரும்பி வந்தார். கணக்கு மறுபடியும் 26.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. நோய்வாய்ப்பட்டிருந்த அகமது இப்ராஹிம் 1962 ஆகஸ்ட் 21ஆம் தேதி காலமானார். கட்சியின் பலம் 25க்கு இறங்கியது. மலேசிய இணைப்பு பற்றிய பொது வாக்கெடுப்புக்கு இருந்ததோ 11 நாள்.

அப்படின்னா அரசாங்கம் ஏன் கவிழவில்லை? எதிர்த்தரப்பு ஒரே அணியாக இல்லை என்பதுதான் காரணம். இணைப்பை விரும்பிய அம்னோவும் மற்றச் சிலரும் பாரிசானோடு கைகோக்கவில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி வாக்கெடுப்பில் அரசாங்கம் முன்வைத்த திட்டத்துக்குச் சுமார் 71 விழுக்காட்டு வாக்குகள் கிடைத்தன.

செம்பவாங்கில் இடைத்தேர்தல் நடக்கவில்லை. 1963 செப்டம்பர் பொதுத் தேர்தல் வரை, ஓராண்டுக்கும் மேல் அந்தத் தொகுதிக்குப் பிரதிநிதியே இல்லை. தொகுதி மக்கள் ஆசையாய்த் தேர்ந்தெடுத்தவரின் நாற்காலி, நாட்டின் எதிர்காலம் முடிவான மாதங்களில் காலியாகவே கிடந்தது.

இரண்டு பேர், ஒரே பெயர்

இங்கே ஒரு குழப்பம் வரலாம். சிங்கப்பூர் வரலாற்றில் இன்னோர் அகமது இப்ராஹிமும் உண்டு. அவர் சட்ட வல்லுநர். நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்தவர். 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1999இல் மலேசியாவில் காலமானார். சமயச் சட்டம் பற்றிய பேச்சில் இந்தப் பெயர் வந்தால் அநேகமாக அவராக இருக்கும். ஈசூன் பள்ளிகளும் ஜூரோங் சாலையும் நினைவுகூர்வது செம்பவாங் தொழிற்சங்கவாதியை.

அடுத்த தடவை அந்தச் சாலையில் போனால், பக்கத்தில் இருக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்: 51இல் 26, அதில் ஒன்று அவர்.