மண்ணெண்ணெய் விளக்கில் பிறந்த மருந்து

தோட்டத்தில் வளர்ந்த நம்ம கூலாய் தாத்தா பாட்டிகளிடம் கொய்னா மருந்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் பேசுவார்கள். அவ்வளவு கசப்பு! இங்கே ரப்பர் தோட்டங்களை மலேரியா வாட்டியதுபோல், அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களை வாட்டியது காலா அஸார் என்ற கறுப்புக் காய்ச்சல். மலேரியாவுக்காவது கொய்னா இருந்தது. இதுக்கு நல்ல மருந்து எதுவும் இல்லை.

காய்ச்சல் மாதக்கணக்கில் விடாது. மண்ணீரல் வீங்கும், உடம்பு எலும்பாகும், தோல் கறுக்கும். மருந்தில்லாமல் விட்டால் பிழைப்பவர்கள் மிகச் சிலர். அஸ்ஸாமின் நௌகாங் மாவட்டத்தில் 1891-லிருந்து 1901-க்குள் மக்கள்தொகை ஏறக்குறைய கால் பங்கு குறைந்துபோனது. இந்தக் கிருமியை 1903-இல் கண்டறிந்த இருவரில் ஒருவரான டாக்டர் டோனவன், நம்ம சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். கிருமி தெரிந்துவிட்டது. கொல்வது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. (பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது குடும்பப் பெயர். அவர் 1898-லேயே கல்யாணம் ஆனவர்!) 1873-இல் பீகாரின் ஜமால்பூரில் பிறந்தார். அப்பா ரயில்வே டாக்டர். பிள்ளை முதலில் கணிதமும் வேதியியலும் படித்தார், பிறகுதான் மருத்துவம். அந்த வேதியியல்தான் பின்னால் கைகொடுத்தது.

1905-இல் கல்கத்தாவின் கேம்பல் மருத்துவப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். பகலில் பாடம், நோயாளிகள். மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி. அதற்குக் கிடைத்த இடம் ஒரு சின்ன அறை. மின்சாரம் இல்லை, எரிவாயு இல்லை, தண்ணீர்க் குழாய்கூட இல்லை. இரவில் ஒரு பழைய மண்ணெண்ணெய் விளக்கு, அவ்வளவுதான்.

அவர் கையில் எடுத்தது ஆன்டிமனி என்ற உலோகம். அதுவே ஒரு விஷம். ஆன்டிமனி உப்புகளை நரம்பில் ஊசியாகப் போட்டுச் சிலரைக் குணப்படுத்த முடியும் என்று 1915 வாக்கிலேயே தெரியும். ஆனால் மாதக்கணக்கில் போடணும், வாந்தியும் மற்றத் தொல்லைகளும் வேறு. கிருமியைக் கொல்லணும், ஆளைக் கொல்லக்கூடாது. அப்படி ஒரு கலவை இருக்கிறதா இல்லையா என்றே அப்போது யாருக்கும் தெரியாது.

இந்த நிலையில்தான் 1919-இன் இறுதியில், 1911-இல் அரசு அமைத்த இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் அவருக்கு மானியம் கொடுத்தது. யோசித்துப் பாருங்கள். குழாய்கூட இல்லாத அறையில் உட்கார்ந்து, விஷத்தை மருந்தாக்கப் போகிறேன் என்கிற ஒரு பள்ளி ஆசிரியருக்கு மக்கள் பணம்! தோற்றிருந்தால் கேள்வி கேட்க ஆயிரம் பேர் வந்திருப்பார்கள். வெள்ளைக்கார அரசுக்குக் கருணை மட்டும் காரணம் என்று நான் நம்பவில்லை. கூலியாட்கள் செத்தால் தேயிலை பறிக்க ஆள் ஏது? 1900-இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வந்ததிலும் இந்தக் கணக்கு இருந்திருக்கும். காரணம் எதுவானாலும் பணம் சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது.

ஆன்டிமனிக் கலவைகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார், விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார், ஒதுக்கினார். 1920-இல் ஆன்டிமனிக் கலவை ஒன்றை யூரியாவோடு சேர்த்தபோது யூரியா ஸ்டிபமைன் கிடைத்தது. புகை மண்டிய அந்த அறையில், மங்கிய விளக்கொளியில், அது பலிக்கும் என்று புரிந்த இரவை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1922-இல் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார். மாதக்கணக்கில் நீண்ட சிகிச்சை சில வாரங்களில் முடிந்தது. அஸ்ஸாமில் ஊர் ஊராக ஊசி போட்டார்கள். லட்சக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. அந்த நோய் மணல் ஈயால் பரவுகிறது என்பது 1942-இல்தான் உறுதியானது. பரவும் வழி தெரிவதற்கு இருபது வருஷம் முன்பே மருந்து வந்துவிட்டது!

1929-இல் அவர் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது, கிடைக்கவில்லை. அந்த ஆண்டு பரிசு பெற்ற இருவரில் ஒருவர், நமக்குப் பக்கத்தில் ஜாவாவில் பெரிபெரி நோயை ஆராய்ந்த ஐக்மன். அவரும் தகுதியானவர்தான். இருந்தாலும் மனசு கேட்கமாட்டேங்குது. 1934-இல் சர் பட்டம் வந்தது. முதுமையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. வங்காளத்தில் ரத்த வங்கி தொடங்க முன்னின்றார்.

1946 பிப்ரவரி 6-இல் காலமானார். மூன்று ஆண்டுகள் கழித்து அந்த நிதிச் சங்கம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று பெயர் மாறியது. இன்றைக்கும் டில்லியிலிருந்து ஆராய்ச்சியாளர்களுக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.