ராக்கெட்டுக்கு முன் விக்ரம் சாராபாய்

விக்ரம் சாராபாய் என்றதும் நம்மில் பலருக்குத் தும்பாவும் ராக்கெட்டும்தான் ஞாபகத்துக்கு வரும். அவர் அடிப்படையில் காஸ்மிக் கதிர் ஆராய்ச்சியாளர் என்பதையும், அதில் கொடைக்கானலுக்கும் பங்கு உண்டு என்பதையும் நான் ரிடையர் ஆன பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1919 ஆகஸ்ட் 12-ல் ஆமதாபாத் மில் முதலாளி அம்பாலால் சாராபாயின் மகனாகப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்கையில் உலக யுத்தம் மூண்டதால் நாடு திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1942-ல் அவர் மணந்த நாட்டியக் கலைஞர் மிருணாளினி, சென்னை வக்கீல் சுப்பராம சுவாமிநாதனின் புதல்வி. 1947-ல் கேம்பிரிட்ஜ் டாக்டர் பட்டம் பெற்று, அதே நவம்பரில் ஆமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார். டைரக்டர் பதவியில் தாம் அமரவில்லை; தம்மைவிட 26 வயது மூத்தவரான பாலக்காடு கல்பாத்தி கே.ஆர். ராமநாதனை அமர்த்தினார்.

விண்வெளியிலிருந்து வேகமாக வரும் ஒரு துகள் காற்றில் மோதினால் லட்சக்கணக்கான துகள்களாகப் பெருகி, அகன்ற தட்டுபோலத் தரையில் இறங்கும். ஆங்காங்கே கருவிகளை வைத்து, எது முதலில் தொடப்பட்டது, எது பிறகு என்ற நுண்ணிய நேர வித்தியாசத்தை அளந்தால் அது வந்த திசை தெரியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் புரூனோ ரோஸி குழுவினர் கண்ட முறை இது. தென்வானத்தையும் பார்க்க வேண்டி, 1950-களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி.யும் சாராபாயின் கூடமும் சேர்ந்து, பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள கொடைக்கானல் மலையில் இக்கருவிகளை நிறுவின.

எந்தத் திசையும் தனித்துத் தெரியவில்லை. எல்லாப் பக்கமிருந்தும் ஒரே சீராகவே வந்தன. மின்னூட்டமுள்ள துகள்களின் பாதையை விண்வெளிக் காந்தப்புலம் வளைத்துவிடுவதால், பிறந்த இடத்தின் அடையாளம் அழிந்துவிடுகிறது. தேடியது கிடைக்கவில்லை என்பதையே முடிவாக 1960-ல் வெளியிட்டார்கள்.

1963 நவம்பர் 21-ல் தும்பாவில் முதல் ராக்கெட் பறந்தது. 1966-ல் ஹோமி பாபா மறைந்ததும் அணுசக்திப் பொறுப்பும் சாராபாயிடம் வந்தது. 1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில் காலமானபோது வயது 52.

பௌதிக ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்று என் பிள்ளை கேட்டபோது, அதில் என்ன கிடைக்கும் என்று நான் தடுத்துவிட்டேன். கொடைக்கானல் கதையை அன்றே படித்திருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். நம் அங்கத்தினர் வீடுகளில் இதே கேள்வி வந்தால், சற்று நிதானித்துப் பதில் சொல்லுங்கள்.