விளக்கேற்றி எழுதிய இமாம்

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 194இல் (கி.பி. 810) புகாரா நகரில் பிறந்தார்கள். சிறுவயதிலேயே தந்தையை இழந்த அன்னாரைத் தாயார் வளர்த்தார்கள்.

ஸஹீஹ் நூலைத் தொகுக்க 16 ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு ஹதீஸைப் பதியும் முன்பும் குளித்து, இரண்டு ரக்அத் தொழுவது அன்னாரின் வழக்கம். இரவில் படுத்தபின் கருத்தொன்று உதித்தால் எழுந்து விளக்கேற்றிக் குறித்துக்கொள்வார்கள். ஒரே இரவில் ஏறக்குறைய 20 தடவை எழுந்ததாகவும் அறிவிப்பு உண்டு. இப்படி விழித்திருந்த உள்ளத்தில்தான் அந்நூலின் நுட்பமான பாடத்தலைப்புகள் பிறந்தன. அன்னாரின் சட்ட ஞானம் அத்தலைப்புகளிலேயே இருப்பதாக உலமாக்கள் கூறுவர்.

புகாராவின் ஆளுநர் அரண்மனைக்கு வந்து பாடம் நடத்தச் சொன்னபோது மறுத்தார்கள். ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. ஹிஜ்ரி 256இல் ஸமர்கந்து அருகே ஒரு சிற்றூரில் வஃபாத்தானார்கள்.

ஒளுவும் இரண்டு ரக்அத்தும் நமக்கு எட்டாதவையல்ல. பேனாவை எடுக்குமுன் அவற்றைப் பேணுவோமாக!