லங்காஷயர் பாய்லர் வரைஞ்சவங்களுக்கு: வில்லியம் ஃபேர்பெர்ன்

ப்ராஜெக்ட்டுக்குப் படகு ஏத்துற டிரெய்லர் ஒண்ணு செய்யறீங்கன்னு வைங்க. கடையில பாக்ஸ் பைப் முன்னாடி நிக்கிறீங்க. 2 மி.மீ. சுவர் போதுமா, 3 மி.மீ. வேணுமா? எதுக்கு வம்புன்னு தடிமனானதையே எடுத்துடத்தான் கை போகும். அதுக்கு முன்னாடி, இந்தக் கேள்வியோடவே பாதி வாழ்நாள் மல்லுக்கட்டின ஒருத்தரைப் பார்த்துடுங்க.

உங்களுக்கு அவர் தெரியாதவர் இல்லை. தெர்மல் பேப்பர்ல லங்காஷயர் பாய்லர் படம் வரைஞ்சிருப்பீங்களே, 1844-ல் அதுக்குக் காப்புரிமை வாங்கினவர்தான் வில்லியம் ஃபேர்பெர்ன். 1789-ல் ஸ்காட்லாந்தின் கெல்சோவில் பிறந்தார். காலேஜ் எல்லாம் கிடையாது. நிலக்கரிச் சுரங்கத்துல அப்ரென்டிஸ். கணக்கும் வடிவியலும் ராத்திரியில டைம்டேபிள் போட்டுத் தானே படிச்சார். அங்கே கிடைச்ச நண்பர் ஜார்ஜ் ஸ்டீஃபன்சன், பின்னாளில் ரயில் எஞ்சினால் பேர் வாங்கினவர். நண்பர் கூடுதலா நாலு காசு சம்பாதிக்க வேற வேலைக்குப் போகும்போது, அவரோட எஞ்சினை இவர் பார்த்துக்கிட்டிருக்கார்.

மான்செஸ்டரில் தொழிற்சாலை, லண்டன் மில்வாலில் இரும்புக் கப்பல் கட்டும் தளம்னு வளர்ந்துட்டார். 1845-ல் அந்த நண்பரோட மகன் ராபர்ட் ஒரு சிக்கலோட வந்தார். வேல்ஸில் மெனாய் நீரிணைக்கு மேல ரயில் பாலம் கட்டணும். 460 அடி இடைவெளி, நடுவுல தூண் கிடையாது. ராபர்ட் யோசிச்சது, தேனிரும்புத் தகட்டால பெரிய குழாய் செஞ்சு, ரயிலை அதுக்குள்ளயே விடறது.

ஃபேர்பெர்ன் மில்வாலில் வட்டம், நீள்வட்டம், செவ்வகம்னு குழாய்கள் செஞ்சு, எடை தொங்கவிட்டு உடைச்சார். அடிப்பக்கம் கிழியும்னு நாம நினைப்போம். பல குழாய்கள்ல நடந்தது வேற. மேல்தகடு சுருங்கி மடிஞ்சது. அதாவது பக்லிங். அதனால மேல்பக்கத்தைச் சிறுசிறு அறைகளா கட்டினாங்க. கணிதத்துக்கு ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் துணைக்கு வந்தார். ஆறில் ஒரு பங்கு அளவுல, 75 அடி நீளத்துக்கு ஒரு மாதிரி. உடையும், உடைஞ்ச இடத்தை மட்டும் பலப்படுத்துவாங்க, திரும்ப உடைப்பாங்க. 35 டன்னில் விழுந்தது கடைசியில 86 டன் வரைக்கும் தாங்குச்சு. குழாய் முழுக்கத் தகட்டைத் தடிமனாக்கவே இல்லை, கவனிச்சீங்களா?

பிரிட்டானியா பாலம் 1850-ல் திறந்தது. ஆனா 1848-லேயே ஃபேர்பெர்ன் வேலையை விட்டு விலகிட்டார். பாலம் யாரோடதுங்கிறதுல சண்டை. அடுத்த வருஷமே தன் பக்கத்தை ஒரு புத்தகமா போட்டார். யோசனை ராபர்ட்டோடது, அதை நிக்க வெச்சது ஃபேர்பெர்னோட சோதனைகள். எனக்கென்னவோ இரண்டு பேருமே நியாயம்தான்னு படுது. நண்பன் மகனோட இப்படி ஆகியிருக்க வேண்டாம்.

அவரோட பெரிய வேலைன்னு நான் சொல்றது இதுக்கப்புறம் வந்தது. அப்போ பாய்லர்கள் வெடிச்சு ஆட்கள் செத்துக்கிட்டிருந்தாங்க. லங்காஷயர் பாய்லர்ல நெருப்பு எரியற குழாயைச் சுத்தித் தண்ணி இருக்கும், அழுத்தம் வெளியிலிருந்து. குழாய் எவ்வளவு நீளம்னாலும் பலம் ஒண்ணுதான்னு பலரும் நம்பினாங்க. ஃபேர்பெர்ன் குழாய்களை ஒரு கலத்துக்குள்ள வெச்சு, நசுங்கற வரைக்கும் அழுத்தினார். 1858-ல் முடிவு வெளிவந்தது: நீளம் இரட்டிப்பானா தாங்கும் அழுத்தம் பாதி. விட்டத்துக்கும் அதே கதை. தடிமனுக்கு அடுக்கு 2.19, அதனால சுவர் பாதியானா பலம் நாலில் ஒரு பங்குக்கும் கீழே. (ரொம்ப நீளமான குழாய்க்கு இந்தச் சூத்திரம் ஒத்து வராதுன்னு பின்னாடி தெரிஞ்சது.)

தீர்வு ரொம்ப எளிசு. குழாயைச் சுத்தி அங்கங்கே இரும்பு வளையம் போடுங்க. அதே தகடுதான், ஆனா ஒரு நீளக் குழாய் பல குட்டைக் குழாய் மாதிரி நடந்துக்கும்.

1874-ல் ஃபேர்பெர்ன் இறந்தார். பிரிட்டானியா குழாய்கள் 1970-ல் ஒரு தீ விபத்தில் நாசமாச்சு. அதோட சின்னத் தம்பி, கான்வி ஆத்து மேல 1848-ல் வந்த 400 அடிக் குழாய்ப் பாலம், 1899-ல் நடுவுல முட்டுத் தூண்கள் வாங்கிக்கிச்சு. இன்னைக்கும் அதுக்குள்ள ரயில் போகுது.