பென்னி பாரெட்: தொலைக்காட்சி நேரலையில் சாய்ந்த உலக சாம்பியன்

தொழில்முறை குத்துச்சண்டை அமெரிக்க வீடுகளுக்குள் வாரந்தோறும் நேரலையாக நுழைந்த காலத்தில் புகழ்பெற்றவர் பென்னி பாரெட். அதே நேரலையில் இலட்சக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் உயிருக்கு ஆபத்தான நிலையில் சாய்ந்தார். அப்போது அவருக்கு வயது 25.

கியூபாவின் சாந்தா கிளாரா நகரில் 1937ஆம் ஆண்டு மார்ச் 14 அன்று ஏழைக் குடும்பத்தில் பிறந்த பாரெட், இளவயதில் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தார். வறுமையிலிருந்து மீளும் வழியாகக் குத்துச்சண்டையைத் தேர்ந்தெடுத்து, 1950களின் பிற்பகுதியில் நியூயார்க்கை வந்தடைந்தார். எத்தனை அடி வாங்கினாலும் பின்வாங்காமல் முன்னேறும் அவரது ஆட்டம் தொலைக்காட்சி ரசிகர்களைக் கவர்ந்தது.

1960ஆம் ஆண்டு மே 27 அன்று லாஸ் வேகாஸில் டான் ஜோர்டானை வீழ்த்தி, 66.7 கிலோ எடைப் பிரிவான வெல்டர்வெயிட்டின் உலகப் பட்டத்தை அவர் வென்றார். அதே ஆண்டில் என்பிசி நிறுவனம் தனது வெள்ளிக்கிழமை குத்துச்சண்டை ஒளிபரப்பை நிறுத்த, ஏபிசி நிறுவனம் வாராந்திர நிகழ்ச்சியைத் தொடர்ந்தது. ஒவ்வொரு வாரமும் திரையை நிரப்பப் பெயர் பெற்ற வீரர்கள் தேவைப்பட்டனர்.

1961 ஏப்ரல் 1 அன்று எமில் கிரிஃபித்திடம் 13ஆவது சுற்றில் நாக் அவுட் ஆகிப் பட்டத்தை இழந்த பாரெட், செப்டம்பர் 30 அன்று நடுவர்களின் பெரும்பான்மை முடிவில் அதை மீட்டார். ஓய்வுக்குப் போதிய இடைவெளியின்றி, டிசம்பர் 9 அன்று தன்னைவிட எடை கூடிய மிடில்வெயிட் சாம்பியன் ஜீன் ஃபுல்மருடன் மோதினார். கடுமையாக அடிபட்டு, 10ஆவது சுற்றில் வீழ்ந்தார். அதன் பின் மூன்றரை மாதங்களிலேயே கிரிஃபித்துடனான மூன்றாவது போட்டிக்கு மேடையேறினார்.

1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அப்போட்டி நடைபெற்றது. அன்று காலை எடை பார்க்கும் நிகழ்வில், கிரிஃபித்தின் பாலின ஈர்ப்பைச் சுட்டி இழிசொல் கூறி பாரெட் கேலி செய்தார். ஆறாவது சுற்றில் கிரிஃபித்தை வீழ்த்தி வெற்றியை நெருங்கிய பாரெட்டால் அதைத் தக்கவைக்க இயலவில்லை. 12ஆவது சுற்றில் மேடையின் மூலையில் சிக்கிய அவர் மீது இடைவிடாமல் குத்துகள் விழுந்தன. நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீன் குறுக்கிட்டபோது பாரெட் நினைவிழந்திருந்தார். அந்தக் காட்சியை ஏபிசி அன்றிரவே மெதுவான வேகத்தில் மீண்டும் காட்டியது.

மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவுக்கு அறுவை சிகிச்சை அளிக்கப்பட்டும் நினைவு திரும்பாமல், ஏப்ரல் 3 அன்று பாரெட் உயிரிழந்தார். மனைவி லூசி அப்போது கருவுற்றிருந்தார்; மூத்த மகனோ சிறு குழந்தை.

நடுவர் தாமதித்தாரா, ஃபுல்மரிடம் அடிபட்டவரை இவ்வளவு விரைவில் மேடையேற்றியது சரியா என்ற கேள்விகள் எழுந்தன. நியூயார்க் மாநில அரசு விசாரணை நடத்தியது. எனினும் எவர் மீதும் குற்றம் சுமத்தப்படவில்லை. மறு ஆண்டு மார்ச்சில் ஃபெதர்வெயிட் சாம்பியன் டேவி மூரும் போட்டியில் காயமடைந்து இறந்ததால் எதிர்ப்பு வலுத்தது. 1964இல் ஏபிசி தனது வாராந்திர ஒளிபரப்பைக் கைவிட்டது. அதன் பின் பல ஆண்டுகளுக்கு அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களில் குத்துச்சண்டை வாராந்திர நிகழ்ச்சியாக இடம்பெறவில்லை.

கிரிஃபித் 1977 வரை போட்டியிட்டார். ஆயினும் பாரெட்டின் மரணம் அவர் மனத்தை வாழ்நாள் முழுவதும் வாட்டியது. அவரைப் பற்றி 2005இல் வெளியான ஆவணப்படத்தில், பாரெட்டின் மகன் அவரைச் சந்தித்து மன்னித்து அணைத்துக்கொள்ளும் காட்சி பதிவாகியுள்ளது. தந்தை சாய்ந்ததைப் படம்பிடித்த கேமரா, 43 ஆண்டுகளுக்குப் பின் மகனின் மன்னிப்பையும் பதிவு செய்தது.